எலும்பு குறைந்ததா, கால் திரும்பியதா? மாற்று இடுப்பு மூட்டைச் சுற்றி அடர்த்தி அளந்த ஒரு நிகழ்வு

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. கீழே வருவது நான் கையெழுத்துப் போட்ட ஒரு அறிக்கையின் கதை. அந்த அம்மாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஒரே ஒரு எண் தவறாகப் படிக்கப்பட்டதால் ஒருவர் மூன்று வாரம் நடக்கப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இதை முழுசாகப் பதிவு செய்யத் தோன்றியது.

பின்னணி

வயது 62. இடது இடுப்பில் பல வருட மூட்டுத் தேய்மானம். இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலி வந்த பிறகுதான் அறுவைக்கு ஒப்புக்கொண்டார். தொடை எலும்புக்குள் இறங்கும், சிமென்ட் இல்லாத டைட்டானியத் தண்டு வைக்கப்பட்டது. மேல்பாதியில் சொரசொரப்பான பூச்சு இருக்கும், அதற்குள் எலும்பு வளர்ந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும், அந்த வகை. அறுவையில் ஒரு சிக்கலும் இல்லை. எங்கள் வழக்கப்படி அறுவை முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு அடிப்படை ஸ்கேன், பிறகு 6, 12, 24 மாதங்களில் ஒவ்வொன்று.

இரண்டு வாரத்துக்குள் என்பதில் நாங்கள் கறாராக இருப்போம். தண்டு வைத்த முதல் சில மாதங்களில்தான் எலும்பு வேகமாகக் குறையும். மூன்றாம் மாதத்தில் முதல் ஸ்கேன் எடுத்தால், ஏற்கெனவே குறைந்துவிட்ட எலும்பை முழு எலும்பு என்று எடுத்துக்கொண்டு கணக்கை ஆரம்பித்துவிடுவோம்.

தண்டைச் சுற்றி எலும்பு ஏன் குறைகிறது

இது தெரியாமல் மீதிக் கதை புரியாது. சுமை தாங்கும் எலும்பு தடிக்கும், சுமை போன எலும்பு மெலியும். ஜூலியஸ் வூல்ஃப் 1892லேயே எழுதிவைத்த விஷயம் இது. இயல்பான இடுப்பில் உடல் எடை தொடை எலும்பின் கழுத்து வழியாக உட்புறக் கெட்டி எலும்பில் இறங்குகிறது. அந்த இடத்தைக் கால்கார் என்போம். தண்டு வைத்த பிறகு எடை உலோகத்தில் ஏறி, தண்டு வழியாகக் கீழே போய், நுனிப் பக்கம்தான் எலும்புக்குக் கைமாறுகிறது. டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல், கோபால்ட் குரோம் 200க்கும் மேல், கெட்டி எலும்போ 20க்குள். விறைப்பானது சுமையை வாங்கிக்கொள்ள, மேலே இருக்கும் எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாத எலும்பை உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

தண்டைச் சுற்றியுள்ள எலும்பை 7 மண்டலங்களாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். க்ரூன் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1979ல் வகுத்தது. வெளிப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. நுனிக்குக் கீழே 4. உட்பக்கம் கீழிருந்து மேலே 5, 6, 7. கால்கார் இருப்பது 7ஆம் மண்டலம். அதிகம் குறைவதும் அங்கேதான், சிமென்ட் இல்லாத தண்டுகளில் முதல் வருடத்தில் அங்கே 20 சதவீதம் குறைந்தாலும் அது கேள்விப்படாத விஷயம் இல்லை. நல்லபடியாக நடமாடுகிறவருக்கு ஒன்று, இரண்டு வருடத்தில் அது தானாக ஒரு நிலைக்கு வந்துவிடும்.

சாதாரண எக்ஸ்ரேயில் இது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சுமார் 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். அதனால்தான் டெக்ஸா, அதாவது இரண்டு ஆற்றல் அளவுள்ள எக்ஸ்ரேயால் எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன். அதன் மென்பொருள் உலோகத்தைக் கழித்துவிட்டு மீதி எலும்பை மட்டும் அளந்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லும். இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் டி-ஸ்கோர் இங்கே கிடையாது. தண்டைச் சுற்றிய எலும்பை ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிட அர்த்தமே இல்லை, அந்த நோயாளியின் முதல் ஸ்கேனோடுதான் ஒப்பிட முடியும்.

முதல் இரண்டு ஸ்கேன்கள்

10ஆம் நாள் எடுத்ததில் 7ஆம் மண்டலம் 1.24. ஆறாம் மாதம் 1.05, அதாவது 15 சதவீதம் குறைவு. 1ஆம் மண்டலம் 0.82லிருந்து 0.75. நுனியில் 4ஆம் மண்டலம் 1.71, 1.70, அசையவே இல்லை. வழக்கமான போக்கு. அந்த அம்மா கைத்தடி இல்லாமல் நடந்தே வந்திருந்தார், படியும் ஏறுகிறேன் என்றார். அடுத்த ஸ்கேன் 12ஆம் மாதம் என்று எழுதி அனுப்பினோம்.

12ஆம் மாதம்

வரும்போதே தொடையின் முன்பக்கம் வலிக்கிறது என்றார். உட்கார்ந்து எழுந்து முதல் நாலு எட்டு வைக்கும்போது வலி, நடக்க நடக்கக் குறையுமாம். சிமென்ட் இல்லாத தண்டுகளில் முதல் ஒன்றிரண்டு வருடம் பலருக்கும் இது வருவதுதான், ஆனால் தண்டு தளர்ந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதனால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாத வலி.

ஸ்கேன் எண்கள் வந்தன. 7ஆம் மண்டலம் 0.86. அடிப்படையிலிருந்து 31 சதவீதம் குறைவு, அதில் கடைசி ஆறு மாதத்தில் மட்டும் 18. நிதானமாகிக்கொண்டு வர வேண்டிய காலத்தில் வேகம் கூடியிருக்கிறது.

எங்கள் மையத்தில் எவ்வளவு மாற்றத்தை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தோம். 30 பேரை இரண்டிரண்டு முறை, நடுவில் மேசையிலிருந்து இறக்கித் திரும்பப் படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. அதில் வரும் பிழையை 2.77ஆல் பெருக்கினால் எல்லை கிடைக்கும். 7ஆம் மண்டலத்துக்குப் பிழை 4.1 சதவீதம், ஆக எல்லை சுமார் 11. நாலாம் மண்டலத்துக்கு 4 சதவீதத்துக்கும் கீழே. 18 என்பது 11ஐத் தாண்டிவிட்டது, எனவே உண்மை மாற்றம் என்று முடிவு செய்தேன். "7ஆம் மண்டலத்தில் வேகமான எலும்பு இழப்பு, தண்டின் உறுதியை ஆராயவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று நான் பார்த்தது எண்களின் அட்டவணையை. படத்தைத் திறந்தேன், உலோகம் சரியாகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், மூடிவிட்டேன்.

அறிக்கை போன பிறகு

அறுவை மருத்துவர் செய்தது எல்லாமே நியாயமானது. வலியும் இருக்கிறது, எலும்பும் வேகமாகக் குறைகிறது என்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார், தொற்று இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்தார், எலும்புக் கரைப்பைத் தடுக்கும் ஊசி போடலாமா என்று யோசித்தார். தளர்ந்திருந்தால் மறு அறுவை வரை போகலாம் என்று நோயாளியிடமும் சொல்லிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவோடு அந்த அம்மா வந்தபோது கையில் தடி இருந்தது. ஆறாம் மாதம் தடியில்லாமல் வந்தவர். எங்கள் பெண் தொழில்நுட்பர் ஏன் என்று கேட்டதற்கு, "மூட்டைச் சுத்தி எலும்பு கரையுதுன்னு சொன்னாங்களே, காலை அழுத்தி ஊன்றினா முறிஞ்சிடுமோன்னு பயமா இருக்கும்மா" என்றாராம். நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். மாடி ஏறுவதில்லை. சுமை குறைந்தால் எலும்பு குறையும் என்று மேலே எழுதினேன் அல்லவா, எங்கள் அறிக்கையே அந்தக் காலிலிருந்து சுமையை இறக்கிவிட்டிருந்தது.

எண்களை விட்டுப் படத்தைப் பார்த்தது

எக்ஸ்ரே முடிவும் அன்றுதான் என் கைக்கு வந்தது. அதில் தண்டு ஒரு மில்லிமீட்டர்கூடக் கீழே இறங்கவில்லை. தளர்ந்த தண்டைச் சுற்றித் தெரியும் கருங்கோடு இல்லை. பூச்சு முடிகிற இடத்தில் எலும்பு தடித்துத் தண்டோடு ஒட்டியிருந்தது. சார்லஸ் எங் என்ற எலும்பு அறுவை மருத்துவர், தண்டு நன்றாகப் பிடித்திருப்பதற்கு வகுத்துச் சொன்ன அறிகுறிகளில் இது முக்கியமானது. கால்கார் முனை லேசாக மழுங்கியிருந்தது, அதுவும் பிடித்த தண்டில் எதிர்பார்ப்பதுதான். இரத்தப் பரிசோதனையும் சுத்தம். தளர்ச்சிக்கு எக்ஸ்ரேயில் ஒரு தடயமும் இல்லாதபோது என் ஸ்கேன் மட்டும் ஏன் அலறுகிறது?

மூன்று ஸ்கேன் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். மண்டலக் கோடுகள் இடம் மாறிவிட்டனவோ என்று முதலில் சந்தேகம். இல்லை, பழைய ஸ்கேனிலிருந்து அப்படியே நகல் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். இயந்திரமும் அதே இயந்திரம், மென்பொருளும் மாறவில்லை. தினசரிச் சோதனை மாதிரியின் அளவுகளும் நேர்கோட்டில்தான் இருந்தன.

அப்புறம்தான் அந்தச் சின்ன முண்டு கண்ணில் பட்டது. தொடை எலும்பின் உட்பக்கம், கால்காருக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கமாக ஒரு முண்டு உண்டு, லெஸ்ஸர் ட்ரொகான்டர். கால் நேராக இருந்தால் அது எலும்புக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொள்ளும், ஸ்கேனில் கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் முழு முண்டும் உட்பக்கம் துருத்திக்கொண்டு தெரியும். அடிப்படை ஸ்கேனிலும் ஆறாம் மாதத்திலும் நகத்தின் ஓரம் போல ஒரு கீற்று. 12ஆம் மாதப் படத்தில் ஒரு கட்டைவிரல் நுனி போல வெளியே நின்றது. தண்டின் கழுத்தும் முந்தைய படங்களைவிடக் குட்டையாகத் தெரிந்தது. உலோகம் ஆறு மாதத்தில் குட்டையாகாது, கால்தான் திரும்பியிருக்கிறது.

பிறகு அட்டவணையில் நான் வழக்கமாகத் தாண்டிப் போகிற பரப்பளவுப் பத்தியைப் பார்த்தேன். 7ஆம் மண்டலத்தின் பரப்பு முதல் இரண்டு ஸ்கேனிலும் 4.1 சதுர சென்டிமீட்டர், மூன்றாவதில் 4.9. எலும்பின் தாது எடையோ ஆறாம் மாதம் 4.3 கிராம், 12ஆம் மாதம் 4.2 கிராம். அடர்த்தி என்று நாம் சொல்வது எடையைப் பரப்பால் வகுத்தது. எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்க, திரும்பிய எலும்பின் நிழல் அகன்றுவிட்டதால் எண் விழுந்திருக்கிறது. 1ஆம் மண்டலம் அதே ஸ்கேனில் 0.75லிருந்து 0.80க்கு ஏறியிருந்ததையும் அப்போதுதான் யோசித்தேன். ஒரே தண்டில் ஒரு பக்கம் எலும்பு சரியும்போது எதிர்ப்பக்கம் வளர்கிறது என்றால் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். தண்டு நுனியில் எலும்பு கிட்டத்தட்ட உருளை வடிவம், எப்படித் திருப்பினாலும் நிழல் அவ்வளவாக மாறாது, அதனால் 4ஆம் மண்டலம் 1.69 என்று அமைதியாக இருந்தது.

எல்லை 11 என்று வைத்திருந்தோமே, அது ஏன் காப்பாற்றவில்லை? அந்த 30 பேரையும் அனுபவமுள்ள ஒரே தொழில்நுட்பர், காலைத் திரும்பாமல் பிடித்துவைக்கும் பாதக் கட்டையில் சரியாகக் கட்டி, அவசரமில்லாமல் ஸ்கேன் எடுத்திருந்தார். அந்த எல்லை நல்ல நிலையில் எடுத்த ஸ்கேன்களுக்கான எல்லை. கால் இவ்வளவு திரும்பியிருக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

மறு ஸ்கேன்

அன்றைக்கு ஸ்கேன் எடுத்த இளம் தொழில்நுட்பரிடம் பேசினேன். மறைக்காமல் சொன்னார். பாதத்தைக் கட்டையில் சாய்த்துப் பட்டையை இறுக்கியபோது தொடை வலிக்கிறது என்று அந்த அம்மா முகம் சுளித்திருக்கிறார், இவர் மனசு கேட்காமல் பட்டையைத் தளர்த்தியிருக்கிறார். ஸ்கேன் ஓடிய நிமிடங்களில் பாதம் மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலியில் இருப்பவரை இன்னும் வலிக்கவைக்காதே என்று சொல்லித்தான் பழக்கியிருந்தோம், பட்டை தளர்ந்தால் எண் என்னாகும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அறுவை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஊசி முடிவை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டார். மறு ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை, முழங்காலுக்கு அடியில் மெல்லிய தலையணை, பாதக் கட்டை நேர்நிலையில். முதலில் கொஞ்ச தூரம் மட்டும் ஸ்கேனை ஓடவிட்டு முண்டு ஆறாம் மாதப் படத்தில் தெரிந்த அளவுக்கே தெரிகிறதா என்று சரிபார்த்துவிட்டு முழு ஸ்கேன். பிறகு எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவரச் சொல்லி, புதிதாகப் படுக்கவைத்து இன்னொன்று.

1.01, 0.98. பரப்பு இரண்டிலும் 4.2. சராசரியை ஆறாம் மாதத்தோடு ஒப்பிட்டால் 5 சதவீதம் குறைவு, எங்கள் எல்லைக்குள்தான். அடிப்படையிலிருந்து சுமார் 20 சதவீதம், முதல் வருட முடிவில் இந்த வகைத் தண்டில் வழக்கமாகப் பார்ப்பது. 1ஆம் மண்டலம் 0.76க்குத் திரும்பியிருந்தது. பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, காரணத்தை வெளிப்படையாக எழுதித் திருத்திய அறிக்கை கொடுத்தேன்.

நோயாளியிடம் நானே பேசினேன். இரண்டு படத்தையும் திரையில் காட்டி, எலும்பு கரையவில்லை, அன்று உங்கள் கால் திரும்பியிருந்தது, அதைக் கவனிக்காமல் எழுதியது என் தவறு என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். நடக்கணும் அம்மா, நடந்தால்தான் அந்த எலும்புக்கு நல்லது என்றேன்.

யாரும் அளக்காமல் விட்ட இடம்

இவ்வளவு நாள் எல்லோருடைய கண்ணும் 7ஆம் மண்டலத்தின் மேல். 62 வயதுப் பெண், மாதவிடாய் நின்று பல வருடமாகிறது, அவருடைய முதுகெலும்பையும் மறுபக்க இடுப்பையும் யாருமே அளக்கவில்லை என்பது கோப்பைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அறுவைக்கு முன் எடுத்திருக்க வேண்டியது. மறு ஸ்கேன் அன்றே இரண்டையும் எடுத்தோம். இங்கே டி-ஸ்கோர் செல்லும்: முதுகு மைனஸ் 2.6, வலது தொடை எலும்புக் கழுத்து மைனஸ் 2.8. உலக சுகாதார நிறுவனம் 1994ல் வைத்த எல்லை மைனஸ் 2.5, இரண்டுமே அதற்குக் கீழே. பக்கவாட்டில் முதுகெலும்பு முழுதையும் பார்த்தால் 12ஆவது மார்பு முள்ளெலும்பு முன்பக்கம் ஆப்பு போல நசுங்கியிருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு கனமான பெட்டியைத் தூக்கியபோது முதுகில் சுளுக்கு விழுந்தது என்று மட்டும் நினைவு வைத்திருந்தார். அது முறிவு.

ஆக எலும்பு மெலிவு நோய் உண்மையிலேயே இருந்தது, தவறான எண் காட்டிய இடத்தில் அல்ல. மருந்து தேவைதான், அதன் காரணம் வேறு. வைட்டமின் டி குறைவாக இருந்தது, முதலில் அதைச் சரிசெய்தோம். சிறுநீரகச் செயல்பாடு, பற்கள் எல்லாம் பார்த்த பிறகு எலும்புக் கரைப்பைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒருமுறை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல். இந்த வகை மருந்துகள் தண்டைச் சுற்றிய எலும்புக் குறைவையும் ஓரளவு தடுக்கும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன, ஆனால் அதை எதிர்பார்த்து நாங்கள் ஆரம்பிக்கவில்லை. முதுகும் மறு இடுப்பும் முறியாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

அடுத்த ஒரு வருடம்

தடியைக் கைவிட இரண்டு மாதம் பிடித்தது. உடல் தயாராகத்தான் இருந்தது, பயம் போகத்தான் நேரமானது; இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்திலேயே நடந்து, படி ஏறவைத்து, மெல்ல மெல்லக் கொண்டுவந்தார். தொடை வலி 18ஆம் மாதம் வாக்கில் தானாக அடங்கிவிட்டது.

24ஆம் மாத ஸ்கேனில் 7ஆம் மண்டலம் 1.00, பரப்பு 4.1, முண்டு அதே கீற்று. 1ஆம் மண்டலம் 0.77. எக்ஸ்ரேயில் தண்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது. புதிய முறிவு இல்லை.

இப்போது மாற்றியிருப்பவை

அறிக்கைப் படிவத்தில் அடர்த்திக்குப் பக்கத்திலேயே பரப்பளவையும் எழுதுகிறோம். பரப்பு முந்தைய ஸ்கேனிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருந்தால், அடர்த்தி எண்ணைப் படிப்பதற்கு முன்பே படத்துக்குப் போக வேண்டும். தொழில்நுட்பர் முந்தைய படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, முண்டின் அளவு பொருந்திய பிறகே முழு ஸ்கேனை ஓட்டுகிறார். வலி இருப்பவருக்கு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கிறோம், பட்டையைத் தளர்த்துவதில்லை. அன்று முடியாவிட்டால் இன்னொரு நாள்.

எல்லையைத் தாண்டிய மாற்றம் வந்தால் அதே நாளில் இரண்டாவது ஸ்கேன். கதிர்வீச்சு மிகக் குறைவு, இதில் தயங்க ஒன்றுமில்லை. பிழை அளவையும் திரும்பக் கணக்கிட்டோம், இம்முறை ஸ்கேன் எடுக்கும் எல்லாத் தொழில்நுட்பர்களையும் சேர்த்து. 7ஆம் மண்டலத்தின் எல்லை 11லிருந்து 13 ஆகிவிட்டது. எண் பெரிதாவது பிடிக்கவில்லைதான், ஆனால் எங்கள் மையத்தின் நிஜ நிலை அதுதான்.

மூட்டு மாற்றுக்கு வரும் 50 வயது தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் அறுவைக்கு முன்பே முதுகும் இரண்டு இடுப்பும் அளக்கப்படுகின்றன. இது அறுவை மருத்துவர் முன்வந்து கொண்டுவந்த மாற்றம்.

அறிக்கையில் "வேகமான" என்ற சொல்லை நான் இப்போது எழுதுவதில்லை. எத்தனை கிராம், எத்தனை சதவீதம், எல்லைக்கு உள்ளேயா வெளியேயா, கால் நிலை எப்படி இருந்தது, எக்ஸ்ரேயோடு ஒத்துப்போகிறதா என்று எழுதுகிறேன். எக்ஸ்ரே வரவில்லை என்றால் அது வரும்வரை அறிக்கை என் மேசையிலேயே இருக்கும்.